அரை மில்லிமீற்றரில் எழுந்த போர்

ஒரு பண்டத்தை விற்போர் பலராயிருப்பின் அதனை வாங்குவோருக்கு நன்மை உண்டு என்பது வாணிக உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் நியதி. கடைத்தெருவிலே அரிசிக் கடைகள் நான்கு இருந்தால் விலை இறங்கும், தரம் ஏறும், வாங்குவோன் தான் விரும்பிய கடைக்குச் செல்லலாம். ஆயினும் இந்நியதி எல்லாப் பண்டங்களுக்கும் ஒருபடித்தாகப் பொருந்துவதன்று. அரிசியை எந்தக் கடையில் வாங்கினாலும் வீட்டிலுள்ள பானையில் அது வேகும். ஒரு கடையின் அரிசி ஒருவகைப் பானையிலும், மற்றைக் கடையின் அரிசி வேறொருவகைப் பானையிலும் மட்டுமே வேகுமாயின் நிலைமை என்னாகும்? இரண்டு பானைகளையும் வாங்க வேண்டும். அல்லது ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்குரிய கடை மூடப்படாதிருக்க வேண்டுமே என்று நாள்தோறும் கவலைப்பட வேண்டும்.

2006ஆம் ஆண்டு தொடக்கம் 2008ஆம் ஆண்டு வரை அமெரிக்காவிலும் யப்பானிலும் ஐரோப்பாவிலும் திரைப்படங்களை வீட்டில் இருந்து பார்க்க விரும்பிய மக்களுக்கு இத்தகைய நிலைமையே ஏற்பட்டது. அக்காலத்தில் உயர்தெளிவுத் திரைப்படங்களைத் தாங்கிய இருவகை ஒளித்தட்டுகள் சந்தைக்கு வந்தன. ஒன்றின் பெயர் புளூ-ரே. மற்றொன்றின் பெயர் எச்.டி.-டி.வி.டி. இரண்டும் 12 சென்ரிமீற்றர் விட்டமுடையவை, இரண்டும் 1.2 மில்லிமீற்றர் தடிப்புடையவை. அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தோன்றாது. ஆயினும் ஒன்றிற்குரிய கருவியிலே மற்றொன்று ஓடாது. இந்த இரட்டையர் எவ்வாறு பிறந்தனர், ஏன் பொருதனர், அப்போரின் செலவை இறுதியில் யார் தாங்கினர் என்பன ஆராயத்தக்க வினாக்கள்.

இவ்வகைப் பிணக்கு அன்றுதான் முதன்முறையாகத் தோன்றியது என்று கருதுதல் பொருந்தாது. இசைத்தட்டுகளின் வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அதன் போட்டியாளரான ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 முறை சுழலும் சிறு தட்டைக் கொண்டுவந்தது. எதனை வாங்குவது என்று தெரியாது மக்கள் சிலகாலம் மயங்கினர். ஆனால் அம்மயக்கம் எளிதில் தீர்ந்தது. சுழலும் வேகத்தை மாற்றுவதற்குக் கருவியிலே ஒரு சிறு பிடி பொருத்தினால் இரு தட்டுகளையும் ஒரே கருவியில் கேட்கலாம் என்றாயிற்று. நெடுந்தட்டு நீண்ட இசைக்கும், சிறு தட்டு தனிப்பாடலுக்கும் உரியனவாகி, இரண்டும் பல்லாண்டுகள் ஒருங்கே வாழ்ந்தன.

அடுத்து எழுந்த போர் அவ்வளவு இனிதாக முடியவில்லை. 1975ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் பீட்டாமக்ஸ் என்னும் ஒளிநாடாவை வெளியிட்டது. 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் வீ.எச்.எஸ். என்னும் ஒளிநாடாவைக் கொணர்ந்தது. சோனியின் முதல் நாடா ஒரு மணி நேரமே ஓடியது. மற்றையது இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு முழுத் திரைப்படத்தைப் பதிவதற்கு ஒரு மணி நேரம் போதாது. வேறு பல கம்பனிகளும் வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்யலாயின, படங்களும் அந்நாடாவிலேயே மிகுதியாக வந்தன. 1988ஆம் ஆண்டில் சோனி நிறுவனமே வீ.எச்.எஸ். கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. கருவி நன்றாயிருந்தாலும், அதில் ஓடுவதற்குப் படம் இல்லையேல் பயனில்லை என்பதை அத்தோல்வி நன்கு உணர்த்தியது. 1989ஆம் ஆண்டில் சோனி அமெரிக்காவின் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. இந்த நிகழ்ச்சி பின்னர் எழுந்த போருக்கு ஒரு வித்தாக அமைந்தது எனலாம்.

இடையிலே ஒருமுறை சமாதானமும் உண்டாயிற்று. 1994ஆம் ஆண்டின் இறுதியிலே படங்களுக்குரிய ஒளித்தட்டு ஒன்றைச் சோனியும் பிலிப்சும் முன்மொழிந்தன. அதற்கு மாறான இன்னொரு தட்டைத் தோஷிபாவும், டைம் வார்னர் முதலிய அதன் கூட்டாளிகளும் 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முன்மொழிந்தன. கணினிகளைச் செய்யும் கம்பனிகள் இதனை விரும்பவில்லை. இருவகைத் தட்டுகள் வருமாயின் இரண்டையும் ஏற்கமாட்டோம் என்று அவை கூறின. ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் கேர்ஸ்ட்னர் இரு திறத்தாருக்கும் இடையே நின்று இணக்கம் காண உழைத்தார். 0.6 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள இரு தட்டுகளை ஒன்றாக ஒட்டும் முறை தோஷிபா பக்கத்திலிருந்து கொள்ளப்பட்டது. செய்தியைக் குறியீடாக மாற்றும் முறை மற்றைப் பக்கத்திலிருந்து கொள்ளப்பட்டது. தட்டின் கொள்ளளவு 5 கிகாபைற்றிலிருந்து 4.7 கிகாபைற்றுக்குச் சற்றுக் குறைந்தது. இவ்வாறு விட்டுக்கொடுத்துப் பிறந்ததே டி.வி.டி. 1996ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானிலும், 1997இல் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. ஒரே முறை என்ற நம்பிக்கை இருந்தமையால் மக்கள் தயங்காது வாங்கினர். சில ஆண்டுகளுள் ஒளிநாடாவை அது கடைகளிலிருந்து அகற்றிவிட்டது.

அப்படியாயின், அமைதியாக இருந்த வீட்டில் மீண்டும் பிணக்கு எழுந்தது ஏன்? தொலைக்காட்சியின் வளர்ச்சியே அதற்குக் காரணம். தொலைக்காட்சித் திரையில் தோன்றும் படம் எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. அமெரிக்காவிலும் யப்பானிலும் விற்ற டி.வி.டி.யில் ஒரு படத்தின் அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 480 புள்ளிகளும் இருந்தன. புதிய உயர்தெளிவுத் தொலைக்காட்சியிலோ அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் முன்னையதிலும் ஆறு மடங்கு புள்ளிகள் ஆகின்றன. இத்தனை புள்ளிகளையும் இரண்டு மணி நேரப் படமாக ஒரு தட்டிலே அடக்குவதற்கு டி.வி.டி.யின் கொள்ளளவு போதவில்லை. தட்டின் அளவைப் பெருப்பிக்கவும் எவரும் விரும்பவில்லை. ஆகவே, அதே அளவுள்ள தட்டிலே எழுத்தை மேலும் நுண்ணிதாக எழுத வேண்டியதாயிற்று.

ஒளித்தட்டிலே செய்தி சின்னஞ்சிறு குழிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அக்குழிகள் நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருள்வழியாகச் செல்லும் தடங்களில் அமைந்திருக்கும். லேசர் ஒளியின் ஒரு நுண்புள்ளி அத்தடத்தின்மீது விழுந்து திரும்பும்போது, குழி உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் கருவி பிரித்தறிகிறது. ஓலையில் எழுதும் எழுத்தாணியின் நுனி கூர்மையாயின் எழுத்தைச் சிறிதாக எழுதலாம் அல்லவா? அதுபோலவே, ஒளிப்புள்ளி எவ்வளவு சிறிதாகின்றதோ அவ்வளவுக்குக் குழிகளையும் சிறிதாக்கலாம். ஒளிப்புள்ளியைச் சிறிதாக்குவதற்கு இரண்டு வழிகள் உள. ஒளியின் அலைநீளத்தைக் குறைத்தல் ஒரு வழி. ஒளியைக் குவிக்கும் வில்லையின் குவிக்கும் ஆற்றலைக் கூட்டுதல் மற்றொரு வழி.

முதல் வழியைத் திறந்துவிட்டது நீலநிற லேசர். இசைக்குரிய இறுவட்டு 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தோன்றாத கீழ்ச்சிவப்பு ஒளியால் வாசிக்கப்படுகிறது. டி.வி.டி.க்கு 650 நானோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளி பயன்படுகிறது. அதனிலும் குறுகிய நீல ஒளியைத் தரும் குறைகடத்தியை ஆக்குதல் நெடுங்காலம் இயலாத காரியமாகவே இருந்தது. யப்பானின் சிக்கோக்குத் தீவிலே அனான் என்னும் ஊரிலுள்ள நிச்சியா நிறுவனத்தில் பணிபுரிந்த சூஜி நக்கமுரா, காலியம் நைத்திரைட்டு என்னும் பொருளைக்கொண்டு 1993ஆம் ஆண்டில் பிரகாசமான நீல ஒளியுமிழும் குறைகடத்தியை ஆக்கிக் காட்டினார். அதனைத் தொடர்ந்து நீல ஊதா நிற லேசரையும் அவர் உருவாக்கினார். நீல ஒளியுமிழும் குறைகடத்திக்காக அவருக்கும், அவருக்கு முன்னோடிகளாக உழைத்த இசாமு அக்கசாக்கி, ஹிரோஷி அமானோ என்போருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 405 நானோமீற்றர் அலைநீளமுள்ள இந்த ஒளியைப் போரிட்ட இரு தட்டுகளுமே பயன்படுத்தின. ஆகவே ஒளியின் நிறத்தைப் பற்றிப் பிணக்கு எதுவும் இருக்கவில்லை.

பிணக்கு எழுந்தது இரண்டாவது வழியிலேதான். வில்லையின் குவிக்கும் ஆற்றலைக் கூட்டும்போது, தட்டு இம்மியளவு சரிந்தாலும் ஒளிப்புள்ளி கலங்கிவிடும். செய்தி எழுதப்பட்ட படலத்தின்மேல் ஒளி ஊடுருவிச் செல்லும் ஒரு மூடுபடலம் உண்டு. அம்மூடுபடலம் மெல்லியதாயின் இக்கலக்கம் குறையும். சோனியும் அதன் கூட்டாளிகளும் மிகுந்த ஆற்றலுள்ள வில்லையைத் தேர்ந்து, மூடுபடலத்தை 0.1 மில்லிமீற்றராக மெலிவித்தனர். இதனால் புளூ-ரே தட்டிலே தடங்களின் இடைவெளி 0.32 மைக்குரோமீற்றராகக் குறைந்தது. ஒரு படை கொண்ட தட்டிலே 25 கிகாபைற்றும், இரண்டு படை கொண்ட தட்டிலே 50 கிகாபைற்றும் அடங்கின. தோஷிபாவும் என்.இ.சி. நிறுவனமும் டி.வி.டி.யில் இருந்த 0.6 மில்லிமீற்றர் மூடுபடலத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டன. அவர்களுடைய தட்டிலே தடங்களின் இடைவெளி 0.40 மைக்குரோமீற்றர், கொள்ளளவு ஒரு படையில் 15 கிகாபைற்று, இரண்டு படையில் 30 கிகாபைற்று. இரு முறைகளையும் பிரித்து வைத்த தூரம் அரை மில்லிமீற்றர் மட்டுமே.

இந்த அரை மில்லிமீற்றருக்காக இவ்வளவு பிடிவாதம் ஏன் என்ற வினா எழலாம். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. மூடுபடலத்தை மாற்றாவிட்டால், டி.வி.டி. அச்சிடும் தொழிற்சாலைகள் தம் இயந்திரங்களைச் சிறிது திருத்திப் புதிய தட்டையும் அச்சிடலாம், செலவு குறைவு. தோஷிபாவின் வாதம் இதுவே. அன்றியும், டி.வி.டி.யின் காப்புரிமைகள் பல அதன் கையில் இருந்தன. மூடுபடலத்தை மெலிவித்தால் புதிய இயந்திரங்கள் வேண்டும். ஆனால் கொள்ளளவு பெருகும். இன்னும் பல ஆண்டுகளுக்கு அது போதுமானதாயிருக்கும். சோனி பக்கத்தின் வாதம் இது. மெல்லிய படலத்துக்கு ஒரு குறையும் உண்டு. சிறு கீறலும் தூசியும் அதிலே பெருங்கேடு செய்யும். 2003ஆம் ஆண்டில் சோனி யப்பானிலே 4,50,000 யென் விலைக்கு வெளியிட்ட முதலாவது புளூ-ரே பதிகருவிக்குரிய தட்டுகள் அதனாலேயே ஒரு கூட்டுக்குள் வைத்து விற்கப்பட்டன. பின்னர் ரீ.டி.கே. நிறுவனம் கீறல் தாங்கும் கடினமான மேற்பூச்சு ஒன்றை உருவாக்கியது. அதன்பின் கூடு தேவைப்படவில்லை.

புளூ-ரே முறையை ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி உலகுக்கு அறிவித்தன. சோனி, பிலிப்ஸ், பானசோனிக் என்னும் வணிகப் பெயரால் அறியப்பட்ட மட்சுஷிட்டா, பயனியர், ஹிட்டாச்சி, ஷார்ப், சாம்சங், எல்.ஜி., தொம்சன் என்பன அவை. அதே ஆண்டில் தோஷிபாவும் என்.இ.சி.யும் தம்முடைய முறையை டி.வி.டி. மன்றம் என்னும் கூட்டமைப்பிடம் சமர்ப்பித்தன. 2003இல் அதற்கு எச்.டி.-டி.வி.டி. என்னும் பெயர் வழங்கப்பட்டது. 2005ஆம் ஆண்டிலே இரு திறத்தாரும் ஒன்றாக அமர்ந்து பேசினர். ஓர் உறையில் இரண்டு வாள்கள் கிடக்க முடியாது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். எனினும் 0.1 மில்லிமீற்றர் என்பதை ஒருவரும், 0.6 மில்லிமீற்றர் என்பதை மற்றவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் இணக்கம் கண்ட அதே நிறுவனங்கள் இம்முறை இணக்கமின்றி எழுந்து சென்றன. முன்னர் போல வெளியிலிருந்து வற்புறுத்தும் ஒரு நடுவர் இம்முறை வாய்க்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் போர் கடைத்தெருவுக்கு வந்தது. தோஷிபாவின் கருவி அமெரிக்காவில் ஏப்பிரல் மாதத்தில் 499 டொலருக்கு விற்பனையாயிற்று. யூன் மாதத்தில் சாம்சங் நிறுவனத்தின் புளூ-ரே கருவி வந்தது. அதன் விலை 999 டொலர். விலையை மட்டும் நோக்கினால் வெற்றி யாருக்கு என்பதில் ஐயம் இருந்திருக்காது. ஆனால் படங்களின் உரிமையாளர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். சோனிக்குச் சொந்தமான கொலம்பியாவும், டிஸ்னி, பொக்ஸ் என்னும் நிறுவனங்களும் புளூ-ரே தட்டிலே மட்டும் படங்களை வெளியிட்டன. யுனிவர்சல் நிறுவனம் எச்.டி.-டி.வி.டி.யில் மட்டும் வெளியிட்டது. வார்னர், பரமவுண்ட் என்னும் இரண்டும் இருவகையிலும் வெளியிட்டன. பிள்ளைகளுக்காக டிஸ்னியின் படங்களையும், தமக்காக யுனிவர்சலின் படங்களையும் விரும்பிய ஒரு குடும்பத்தவர் இரண்டு கருவிகள் வாங்க வேண்டியவராயினர். கிராமபோனில் வேகத்தை மாற்றும் பிடி போன்ற ஓர் ஏற்பாடு இதற்கு இல்லையா என்று கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல்.ஜி. நிறுவனம் இருவகைத் தட்டுகளையும் ஓட்டும் கருவி ஒன்றை வெளியிட்டது. அதன் விலை 1,199 டொலர். இரு கருவிகளைத் தனித்தனியே வாங்குவதற்கு ஆகும் செலவிலிருந்து அது பெரிதும் வேறுபடவில்லை. வார்னர் நிறுவனம் ஒரு பக்கத்தில் ஒரு முறையும் மறுபக்கத்தில் மற்றொரு முறையும் அமைந்த இருபக்கத் தட்டு ஒன்றை அறிவித்தது. அது கடைக்கு வரவே இல்லை.

இந்நிலையிலே சோனி ஒரு புதிய படையைக் களத்தில் இறக்கியது. 2006 நவம்பரில் யப்பானிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த பிளேஸ்டேசன் 3 என்னும் விளையாட்டுக் கருவியிலே புளூ-ரே தட்டை ஓட்டும் அமைப்பும் சேர்ந்தே இருந்தது. விளையாடுவதற்காக அதனை வாங்கியவன் தன்னையறியாமலே புளூ-ரே கருவிக்கும் உரியவனானான். இதற்காகச் சோனி கொடுத்த விலையும் சிறிதன்று. நீல லேசருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டமையால் ஐரோப்பாவில் அக்கருவி 2007 மார்ச் மாதம் வரை தாமதித்தது. செய்வதற்கு ஆகும் செலவிலும் குறைந்த விலைக்கு அது விற்கப்பட்டது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலே சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேற்பட்ட நட்டத்தைக் கண்டது. மறுபுறத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்கு எச்.டி.-டி.வி.டி. ஓட்டும் இணைப்பு ஒன்றை 199 டொலருக்கு விற்றது. வேறாக வாங்கவேண்டிய பொருளாதலின் அதனை வாங்கியோர் தொகை குறைவாகவே இருந்தது.

2007ஆம் ஆண்டு முழுவதும் தராசு இருபுறமும் ஆடியது. யூன் மாதத்தில், படங்களை வாடகைக்கு விடும் பெருங் கம்பனியான புளொக்பஸ்டர், தன் கடைகள் பலவற்றில் புளூ-ரே தட்டை மட்டும் வைக்கப்போவதாக அறிவித்தது. இருவகையும் வைத்த 250 கடைகளில் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் புளூ-ரே தட்டையே எடுத்துச் சென்றமை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் பரமவுண்ட் நிறுவனமும் டிரீம்வேர்க்ஸ் அனிமேசன் நிறுவனமும் இனி எச்.டி.-டி.வி.டி.யில் மட்டுமே வெளியிடுவோம் என்று அறிவித்தன. அதற்காக 15 கோடி டொலர் பெறுமதியான சலுகைகள் அளிக்கப்பட்டன என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. நவம்பர் மாதத்திலே வோல்மார்ட் கடைகளில் தோஷிபாவின் ஒருவகைக் கருவி 98 டொலர் 87 சதத்துக்கு விற்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுகளுள் 499 டொலரிலிருந்து விலை இவ்வாறு சரிந்தது. மலிவு கண்டு மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். தாம் வாங்கியது மூன்று மாதங்களுள் கைவிடப்படும் என்பதை அவர்களுள் எவரும் அறிந்திருக்க முடியாது.

பெரும்பாலான மக்களோ இரண்டையும் வாங்கவில்லை. "பந்திக்கு முந்து; படைக்குப் பிந்து" என்பது தமிழர் வழங்கும் பழமொழி. அமெரிக்க மக்கள் அப்பழமொழியை அறியாதவராயினும் அதன்படியே நடந்தனர். போர் முடியும் வரை தம் பழைய டி.வி.டி. கருவியே போதும் என்று இருந்துவிட்டனர். இந்தத் தயக்கம் படநிறுவனங்களைக் கவலைக்குள்ளாக்கியது. பழைய டி.வி.டி.யின் விற்பனை சரியத் தொடங்கியிருந்தது. புதிய தட்டின் விற்பனையோ எழவில்லை.

இறுதி அடியை வைத்தது வார்னர் நிறுவனம். வீட்டுக்குரிய படத்தட்டு விற்பனையில் அமெரிக்காவிலே முதலிடம் வகித்த அந்நிறுவனம், அவ்வாண்டு மே மாதத்துக்குப் பின் புளூ-ரே தட்டில் மட்டுமே உயர்தெளிவுப் படங்களை வெளியிடுவதாக 2008 ஜனவரி 4ஆம் திகதி அறிவித்தது. லாஸ் வேகாஸ் நகரிலே ஆண்டுதோறும் நடைபெறும் இலத்திரனியற் பொருட்காட்சி தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்தன. அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை எச்.டி.-டி.வி.டி. குழுவினர் கைவிட்டனர். பெப்ரவரி மாதத்தில் நெட்பிளிக்ஸ், பெஸ்ட் பை, வோல்மார்ட் என்னும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புளூ-ரே பக்கம் சேர்ந்தன. 2008 பெப்ரவரி 19ஆம் திகதி தோஷிபாவின் தலைவர் அற்சுத்தோஷி நிஷிதா டோக்கியோவிலே தம் நிறுவனம் இத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். புளூ-ரே முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து சரியாக ஆறு ஆண்டுகள் அன்று நிறைந்திருந்தன. அடுத்த ஆண்டில் தோஷிபாவே புளூ-ரே கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் சோனி செய்ததை அது செய்தது.

வெற்றிக்குக் காரணம் யாது? படத்தின் தெளிவு அதற்குக் காரணமன்று. இருவகைத் தட்டுகளும் 1,920க்கு 1,080 என்ற அதே புள்ளிக் கணக்கையே கொண்டிருந்தன. படத்தைச் சுருக்கும் முறைகளும் இரண்டிற்கும் பொதுவானவை. சாதாரண மனிதன் ஒருவன் திரையைப் பார்த்து, இது எந்தத் தட்டு என்று கூறுதல் அரிது. மலிவும் காரணமன்று, மலிவான கருவியே தோற்றது. ஒரு பக்கத்திலே படங்களின் தொகையும், விளையாட்டுக் கருவியின் வழியாக வீடுகளுள் நுழைந்த இயக்கிகளின் தொகையும் மிகுந்திருந்தன. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வெளியனுப்பப்பட்ட பிளேஸ்டேசன் 3 கருவிகள் ஒரு கோடியைத் தாண்டின. எச்.டி.-டி.வி.டி. கருவிகளோ இணைப்புகளையும் சேர்த்து ஏறத்தாழப் பத்து இலட்சமே. கருவி மிகுந்த பக்கத்துக்குப் படம் செல்லும். படம் மிகுந்த பக்கத்துக்கு வாங்குவோர் செல்வர். இந்தச் சக்கரம் ஒருமுறை சுழலத் தொடங்கினால் அதனைத் தடுத்து நிறுத்துதல் எளிதன்று.

அந்தப் பத்து இலட்சம் கருவிகளை வாங்கியோரின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்களுடைய கருவிகள் அன்றிரவே பழுதாகிவிடவில்லை. அவர்கள் சேர்த்து வைத்த சிவப்பு நிறப் பெட்டிகளிலிருந்த படங்கள் முன்போலவே ஓடின. ஆனால் புதிய படம் வாராது. கருவி பழுதானால் அதற்கு ஈடாகப் புதியதும் வாராது. நாள் செல்லச் செல்ல, தட்டு நல்ல நிலையில் இருந்தும் அதனைப் படிக்கும் கருவி கிடையாத நிலை ஏற்படும். பெஸ்ட் பை நிறுவனம் தன்னிடம் கருவி வாங்கியோருக்கு 50 டொலர் பெறுமதியான பற்றுச்சீட்டை வழங்கியது. வார்னர் நிறுவனம் 2009இல் சிவப்புப் பெட்டித் தட்டுகளைப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 4 டொலர் 95 சதமும் அனுப்பும் செலவும் வாங்கி, அதே படத்தின் நீலப் பெட்டித் தட்டுகளைக் கொடுத்தது. இவை நல்ல செயல்களே. எனினும் சட்டப்படி வேண்டப்பட்டவை அல்ல. வாங்குவோரின் மனக்குறையை உணர்ந்து செய்யப்பட்டவை.

வென்றவருக்கும் வெற்றி முழுமையாகக் கிட்டவில்லை. இவர்கள் தட்டைப் பற்றிப் பொருதுகொண்டிருந்த அதே 2007ஆம் ஆண்டிலே, தபாலில் தட்டு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் நிறுவனம் தட்டே இல்லாமல் இணையத்தின் வழியாகப் படங்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்கு மூடுபடலமும் வேண்டியதில்லை, வில்லையும் வேண்டியதில்லை. டி.வி.டி. அடைந்த பரந்த ஆதிக்கத்தைப் புளூ-ரே ஒருபோதும் அடையவில்லை. 2016ஆம் ஆண்டிலே இன்னும் நுண்ணிய படங்களுக்குரிய புதிய புளூ-ரே தட்டு வந்தபோது, அதனோடு போட்டியிட எவரும் முன்வரவில்லை. 2019இல் சாம்சங் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே கருவிகளை வெளியிடுவதை நிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நெட்பிளிக்ஸ் தன் தபால்வழித் தட்டுச் சேவையை மூடியது. 2024இல் பெஸ்ட் பை கடைகளிலிருந்து படத்தட்டுகள் மறைந்தன. எனினும் படங்களைத் தம் கைவசம் வைத்திருக்க விரும்புவோர் இன்றும் அத்தட்டை வாங்குகின்றனர். இணையத்திலே இன்று உள்ள படம் நாளை நீக்கப்படலாம். அலுமாரியில் உள்ள தட்டை எவரும் வந்து எடுத்துச் செல்வதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. 1995ஆம் ஆண்டில் இரு பக்கத்தாரும் சிறிது இழந்தனர். ஒருவர் தம் குறியீட்டு முறையை விட்டார். மற்றவர் தம் தட்டின் அமைப்பை விட்டார். அதனால் அனைவரும் பெற்றனர். 2005இல் எவரும் அரை மில்லிமீற்றரையும் விடவில்லை. அதன்பின் கழிந்த மூன்று ஆண்டுகளில் தோற்றவர் தம் முதலை இழந்தார். வென்றவர் பெருநட்டத்தின் மேல் நின்று வென்றார். மக்கள் வாங்கத் துணியாதிருந்த அக்காலத்தைப் பயன்படுத்தி மூன்றாமவர் ஒருவர் வேறு வழியாக வீட்டுக்குள் புகுந்தார். படத்தட்டை வாங்குபவன் கருவியை மட்டும் வாங்குவதில்லை. பல்லாண்டுகளுக்கு அதில் ஓடப் படம் வரும் என்ற உறுதிமொழியையும் சேர்த்தே வாங்குகிறான். அவ்வுறுதிமொழி விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத அவ்வுறுதியைக் காப்பது எவர் பொறுப்பு என்பதை இனி ஒரு புதிய முறையை ஆக்குவோர் தம் கூட்டத்தில் அமரும்போது முதலில் எண்ணிக்கொள்வது நன்று.